ஆடி மாதத்து இரும்பு

சூசை மேஸ்திரி இறந்துபோனதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் பார்த்தேன். காந்திபுரம் போகிற டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கணபதி ஸ்டாப் தாண்டினதும் ஒரு சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். கோட்டும் டையும் போட்ட ஒரு ஆள். எந்த மில் முதலாளியோ என்று பார்வையைத் திருப்பப் போனேன். அப்போதுதான் அந்த இடது புருவம் கண்ணில் பட்டது. வெல்டிங் பொறி பட்டு நடுவில் முடி முளைக்காமலே போன புருவம். பஸ் நகர்ந்துவிட்டது. கண்டக்டரிடம் இறங்க வேண்டும் என்றேன். "அடுத்த ஸ்டாப்புலதானுங்க நிக்கும், சித்த பொறுங்க" என்றார். அடுத்த ஸ்டாப்பில் அந்தப் புருவத்தையே நினைத்துக்கொண்டு இறங்காமல் உட்கார்ந்துவிட்டேன். காந்திபுரம் வரைக்கும் போய், அங்கே இறங்கி, அதே வழியாகத் திரும்பி வந்து, அந்தச் சுவருக்கு முன்னால் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். அடக்கம் முடிந்து எட்டு நாள் ஆகியிருந்தது.

அந்த மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவர் என் வீட்டுக்கு வர வேண்டியவர். வரவில்லை. பத்து நாளாக அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பத்தில் எட்டு நாள் நான் திட்டியது மண்ணுக்குள் இருந்த மனிதரை. அவருக்குக் கோட்டு மாட்டிவிட்ட ஸ்டுடியோக்காரனை நான் மன்னிக்கவில்லை. அவர் தெருவில் பால் ஊற்றுகிறவள் தினம் என் வாசலுக்கு வந்துபோகிறாள், அவளும் சொல்லவில்லை, அவளையும் மன்னிக்கவில்லை. ஆனால் அவளைச் சொல்லியும் பிரயோசனமில்லை. சூசை மேஸ்திரி செத்தால் சொல்லியனுப்ப வேண்டிய ஆள்களில் நானும் ஒருத்தி என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாதே.

பழைய கார் வைத்திருக்கிற நீங்கள் எல்லோரும் சேர்ந்து அவர் பேரில் ஒரு சின்னப் புத்தகம் போடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். என்னிடம் யாரும் எழுதக் கேட்கவில்லை. நான் சத்தியமங்கலத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். கேட்காமலே எழுதிக் கொடுக்கிறேன், பிழை இருந்தால் திருத்திப் போட்டுக்கொள்ளுங்கள். சத்தி ரோட்டில் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, போர்ட்டிகோவில் நிற்கும் ஹெரால்ட் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "யாருங்க வேலை செஞ்சது?" என்று உங்களில் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறீர்கள். நானும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன். "சூசை மேஸ்திரி. வேலை சுத்தம். ஆனா சொன்ன நாளைக்குக் குடுக்க மாட்டாருங்க. அவர நம்பி நாள் குறிச்சுப்போடாதீங்க." ஒன்பது வருடமாக இதைச் சொன்னேன். அதைக் கேட்டு வண்டியை வேறு பட்டறைக்குக் கொண்டுபோனவர்கள் மூன்று பேரை எனக்குத் தெரியும். அவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

அந்தக் காரை எங்கள் வீட்டுக்காரர் கல்யாணமான மறு வருடம் வாங்கினார். அவர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தார். வாங்கின வாரமே என்னை ஏற்றிக்கொண்டு சத்திக்கு, சத்தியமங்கலத்தில் என் அம்மா வீட்டுக்குப் போனார். புளியம்பட்டி தாண்டினதும் நல்ல மழை. ரோட்டில் நின்ற தண்ணீர் அடித்தகட்டின் வழியாக மேலே வந்து என் காலை நனைத்தது. நான் இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கிவைத்துக்கொண்டேன். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அம்மணி, பவானி ஆறு நம்மளப் பாக்க எதிர்ல வந்துபோட்டது" என்றார். ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்துபோட்டு, சீட்டும் என் சேலையும் காயும் வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். எங்கள் வாழ்க்கையில் பேச்சு வார்த்தை அதிகம் கிடையாது. அன்றைக்கு நிறையப் பேசினார்.

அப்புறம் வண்டி பழசானது, புது வண்டி வந்தது. ஹெரால்ட் பட்டறைக்குப் பின்னால் இருபது வருடம் சும்மா நின்றது. அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகு, பேச்சு பாதி திரும்பி வந்தபோது, முதலில் கேட்டது அந்தக் காரைத்தான். "சத்தி" என்றார். "ஒருக்கா" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது.

யாரைக் கேட்டாலும் சூசை மேஸ்திரி என்றார்கள். வந்தார். அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர், கழுத்தில் சிலுவைக் கயிறு. எங்கள் வீட்டுக்காரரைச் சக்கர நாற்காலியில் வைத்துப் பட்டறைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போயிருந்தேன். மேஸ்திரி காரின் மேல்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு சாக்கை விரித்து நேராகக் கீழே படுத்துவிட்டார். உள்ளேயிருந்து டக், டக் என்று சத்தம். அப்புறம் சத்தம் நின்றுபோனது.

"ஏனுங்க, என்னாச்சு?" என்றேன்.

"சத்தம் வந்தா இரும்பு இருக்குதுன்னு அர்த்தமுங்கக்கா. சத்தம் வரலைன்னா இல்லைன்னு அர்த்தம்" என்றார் கீழேயிருந்தே. வெளியே வந்தபோது ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடி வரைக்கும் துருத்தூள். "மேல மாப்பிள்ளை கணக்கா இருக்குது. கீழ எலும்பு அரிச்சுப் போயிருக்குது."

எங்கள் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து தன்னைத்தானே இடது கையால் காட்டி, "நானும்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. மேஸ்திரி சிரிக்கவில்லை. பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, "உங்களுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்ணா. இவனைப் பண்ணிப்போடலாம். ஆறு மாசம் குடுங்க" என்றார். அது தை மாதம். ஆறு மாதம் என்ற அந்த வார்த்தையை நான் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டேன்.

பாடியைத் துண்டு துண்டாகக் கழற்றி எடுத்தார். அடியில் இருக்கிற சேஸ் மட்டும் மிஞ்சியது. நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒன்று, அதிலிருந்து இரண்டு பக்கமும் கை நீட்டினாற்போல் இரும்புக் குழல்கள். அந்தக் கைகளின் மேல்தான் முழுக் காரும் உட்கார்கிறது. அந்தக் குழலுக்குள் மண்ணும் தண்ணீரும் போய்த் தங்கினால் வெளியே தெரியாமலே தின்றுவிடுமாம். ஓட்டையானதை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டு செய்தார். அதற்கே ஆனி முடிந்துவிட்டது. கடைசியில் ஊருக்கு வெளியே மணல் பீய்ச்சித் துரு எடுக்கிற இடத்துக்கு அனுப்பினார். அங்கே கூட்டம், நாள் தள்ளித் தள்ளிப் போனது. சேஸ் அவருடைய ஷெட்டுக்குத் திரும்பி வந்த அன்றைக்கு ஆடி ஒன்று.

போன் செய்து, பார்க்க வரச் சொன்னார். போனேன். புது எவர்சில்வர் பாத்திரம் மாதிரி வெள்ளையாக நின்றது. அவ்வளவு பழைய இரும்புக்கு அப்படி ஒரு நிறம் உண்டு என்று எனக்குத் தெரியாது. பாடித் துண்டுகள் வேலை முடிந்து சுவரோரம் தயாராக இருந்தன. பக்கத்தில் பிரைமர் டின்னைத் திறந்து குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கா அடிக்கறீங்க?"

"பொளுதுக்குள்ள அடிச்சுப்போடோணுமுங்க. அம்மணமா நிக்குதல்ல."

"ஆடி பொறந்துபோட்டதுங்க மேஸ்திரி. மொதல் பூச்சு ஆடியில போடக்கூடாது."

"அக்கா, துரு பஞ்சாங்கம் பாக்காதுங்க."

"எங்க ஊட்டுல பாப்பாங்க" என்றேன்.

மேஸ்திரி குச்சியை நிறுத்தினார். வெளியே சாரல் ஆரம்பித்திருந்தது. ஆடியில் பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று வருகிறபோது கணபதியில் மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் பொசுபொசுவென்று ஒரு சாரல் அடிக்குமே, அது. இந்த ஈரத்தில் வெறும் இரும்பு ஒரு ராத்திரி தாங்காது, உப்புத் தொட்டு வைத்த மாதிரி பூத்துவிடும், எண்ணெய் தேய்த்து வைத்தாலும் குழலுக்குள் கை போகாது என்று ஏதேதோ சொன்னார். என் காதில் ஏறவில்லை. எனக்கு அன்றைக்கு இரும்பு ஒரு பொருட்டே இல்லை. மூன்று நாளாக எங்கள் வீட்டுக்காரர் சரியாகச் சாப்பிடவில்லை. என் மாமனார் ஆடியில்தான் போனார். எங்கள் பெரியவன் பிறந்து பதினோராம் நாள் போனதும் ஆடியில்தான். அந்த மாதத்தை எதையும் தொடாமல், எதையும் தொடங்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டிவிட்டால் இவரைக் காப்பாற்றிவிடலாம் என்று எனக்கு ஒரு கணக்கு. அதை மேஸ்திரியிடம் நான் சொல்லவில்லை. "ஆவணி ஒண்ணாந்தேதி அடிங்க. அதுவரைக்கும் அந்த டின்ன மூடுங்க. மீறி அடிச்சா வண்டிய அப்படியே எடுத்துக்கிட்டுப் போயிருவேன்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிங்கக்கா" என்றார். டின்னை மூடி, மூடியின் மேல் சுத்தியால் சுற்றிலும் தட்டினார்.

ஆடி தாண்டியது. எங்கள் வீட்டுக்காரர் கொஞ்சம் தேறினார். என் கணக்கு சரி என்று இருந்தேன். ஆவணி பிறந்ததும் தினம் மேஸ்திரிக்குப் போன் போட்டேன். "நடக்குதுங்கக்கா" என்பார். ஆவணி போயிற்று. புரட்டாசி வந்தது. "நடக்குதுங்கக்கா." வேறு யாருடைய வண்டியையோ முன்னால் தள்ளிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். புரட்டாசி மூன்றாவது சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்காரர் காப்பி கேட்டார். கொண்டுவந்து பார்க்கும்போது உயிர் இல்லை.

கார் ஐப்பசியில் வந்தது. மேஸ்திரியே ஓட்டிக்கொண்டு வந்தார். க்ரீம் கலர், எங்கள் கல்யாணத்துக்கு மறு வருடம் இருந்த அதே நிறம். நான் கதவைத் திறந்து வெளியே போகவில்லை. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்றே பேசினேன்.

"தையில ஆறு மாசம்னீங்க. இப்ப ஐப்பசி. இனி அதுல யார உக்கார வெச்சு சத்திக்குக் கூட்டிக்கிட்டுப் போறதுங்க?"

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். வெயில் அவர் மேல் விழுந்தது. நகரவில்லை.

"தப்பு என்ற மேலதானுங்கக்கா" என்றார்.

சாவியைக் கதவடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். சமாதானம் ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சண்டை போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். குற்றத்தை ஒத்துக்கொண்ட ஆளிடம் என்ன சண்டை போடுவது? அதனால் அந்தக் கோபம் எனக்குள்ளேயே தங்கிவிட்டது.

அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். நான் கூப்பிடவில்லை. "ஏனுங்க?" என்றேன். "வண்டிக்கு அடி பாக்கோணுமுங்க" என்றார். வெள்ளைச் சட்டையைக் கழற்றி கேட் மேல் போட்டுவிட்டு, பனியனோடு அடியில் படுத்தார். அன்றிலிருந்து ஒன்பது வருடம், எந்த மாதமும் தவறவில்லை. மகன் வெளிநாட்டில். பேத்தி போனில் கையாட்டுவாள். சத்தி பஸ்கள் வாசலைத் தாண்டிப் போகும். என் வீட்டுக் கேட்டைத் திறந்து உள்ளே வருகிற ஒரே மனிதர் இந்த மேஸ்திரிதான் என்பதை நான் ஒருநாளும் எனக்குள் ஒத்துக்கொண்டதில்லை. முதல் வருடம் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. இரண்டாம் வருடம் காப்பியைக் காம்பவுண்டுச் சுவர் மேல் வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். மூன்றாம் வருடத்திலிருந்து கையில் கொடுத்தேன். ஆறிவிடும் என்பதற்காக, வேறு எதற்காகவும் இல்லை.

வந்ததும் என் துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவுவார். "துடைப்பத்த மொட்டையடிச்சுப்போடுவீங்களாட்ட இருக்குது" என்பேன். "ஒரு குச்சிக்கு இந்தப் பேச்சாங்கக்கா" என்பார். சேஸ் குழல்களுக்கு அடியில் சின்னச் சின்னதாக ஓட்டை விட்டிருந்தார். ஈர்க்கை விட்டு அதில் அடைத்திருக்கிற மண்ணை நோண்டி எடுப்பார். எதற்கு ஓட்டை, மூடிவிட்டால் தண்ணீரே போகாதே என்று ஒருநாள் கேட்டேன். "தண்ணி உள்ள போறத ஆராலயும் தடுக்க முடியாதுங்கக்கா. எப்படியும் போயிரும். வெளிய வாரதுக்கு வழி உட்டாப் போதும்" என்றார்.

எப்போதும் இடது பக்கத்தில்தான் ஆரம்பிப்பார். அங்கேயே அதிக நேரம் இருப்பார். வலது பக்கத்தை ஒரு தட்டு தட்டிவிட்டு வந்துவிடுவார். "அந்தப் பக்கம் என்ன, மாத்தாந்தாய் புள்ளையா?" என்றால், "கை பழகிப்போச்சுங்க" என்பார்.

வருடத்துக்கு ஒருமுறை குழல்களுக்குள் மெழுகு விடுவார். மெழுகை எண்ணெயோடு காய்ச்சி, சூடாகவே உள்ளே பீய்ச்சுவது. உள் சுவரெல்லாம் தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும், ஈரம் ஏறாது. அந்த மெழுகு எங்கே வாங்குகிறீர்கள் என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். வாங்குவதில்லையாம். கார்த்திகைக்கு முன்னால் வருகிற கல்லறைத் திருநாளில் அவர்கள் ஆள்கள் எல்லோரும் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்களாம். மறுநாள் மிஞ்சிக் கிடக்கும் துண்டுகளை, அவர்கள் கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளையிடம் கேட்டு ஒரு பை நிறையப் பொறுக்கிக்கொண்டு வருவாராம்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "செத்தவங்க தலமாட்டுல எரிஞ்சத எங்க ஊட்டுக்காரர் வண்டிக்குள்ள ஊத்தறீங்களா?"

"ஆராரோ ஆராரையோ நெனச்சு ஏத்துனதுங்க. அதுல கெட்டது என்னங்க இருக்குது? கடையில வாங்குற மெழுகுல அது இல்லீங்களே" என்றார். காய்ச்சின மெழுகை அப்படியே இறக்கி வைத்துவிட்டு நான் சொல்வதற்காகக் காத்திருந்தார். ஆடியில் டின்னை மூடினாரே, அதே மாதிரி. நான் உள்ளே போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மெழுகு வாசம் வந்தது.

எல்லாம் முடிந்து கை கழுவினதும் காரைக் கிளப்பித் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வருவார். "ஓட்டாம வெச்சா அதுவும் ஒரு துருதானுங்க. சத்திக்கு ஒருக்கா போயிட்டு வரலாங்களாக்கா? பின்னால உக்காந்துக்குங்க, நான் ஓட்டறேன்" என்பார். மாதம் ஒருமுறை கேட்பார். "போறதுக்கு ஆளில்லீங்க" என்பேன். அதற்குள் அவரைக் குத்துகிற ஒரு ஊசியை வைத்துத்தான் சொல்வேன். ஊசி அவருக்குப் பட்டதும் தெரியும். "சரிங்கக்கா, அடுத்த மாசம் வாரேன்" என்பார். இப்படி ஒன்பது வருடம், எண்ணிப் பார்த்தால் நூறு தடவைக்கு மேல், நான் அவரைக் குத்தியிருக்கிறேன்.

போஸ்டர் பார்த்த அன்றைக்கே அவர் வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. அவர் சம்சாரம் அருள்மேரி, மகள் வீட்டுக்குச் சத்திக்குப் போயிருக்கிறதாகப் பக்கத்தில் சொன்னார்கள். சத்திக்கு. கல்லறைத் திருநாளுக்கு வருவாள் என்றார்கள். திருநாளன்று சாயங்காலம் நானும் கல்லறைக்குப் போனேன். எனக்கு அந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. ஒரு பாக்கெட் மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டேன். அவ்வளவு கூட்டத்தில், அத்தனை விளக்குக்கு நடுவில், ஒருத்தரையும் தெரியாமல் நின்றேன். அந்த நாளில் ஷெட்டில் என்னைப் பார்த்திருந்த அருள்மேரிதான் அடையாளம் கண்டு கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். புது மண். இன்னும் சிமெண்ட் போடவில்லை.

மெழுகுவர்த்தி ஏற்றினேன். காற்றில் நிற்கவில்லை. அவள் கையால் மறைத்துக்கொண்டாள். என்ன பேசுவது என்று தெரியாமல், "நல்ல வேலக்காரருங்க. நாள் மட்டுந்தான் காப்பாத்த மாட்டாரு" என்றேன். செத்தவர் தலைமாட்டிலும் அதைத்தான் சொன்னேன்.

அருள்மேரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏனுங்கக்கா, உங்களுக்கு இன்னமுந் தெரியாதுங்களா?"

"எது?"

"ஆடியில நீங்க டின்ன மூடச் சொல்லிட்டுப் போனீங்கல்ல. சேசு பூரா எண்ணெய் தேச்சு, தார்ப்பாய் சுத்தி, அடியில ரெண்டு குண்டு பல்பு எரிய உட்டு, கொளந்தப் புள்ளைக்குக் காவல் இருக்கறாப்பல இருந்தாருங்க. ஆவணி ஒண்ணாந்தேதி பிரிச்சோம். வெளிய ஒண்ணுமில்ல. எடது பக்கத்துக் குழலுக்குள்ள கைய உட்டு எடுத்தாரு பாருங்க, உள்ளங்கை நெறைய மஞ்சத்தூளாட்ட துரு. தார்ப்பாய் வேர்த்து உள்ளயே எறங்கியிருக்குது. எடது பக்கத்துக் கை ரெண்டையும் அறுத்து வீசிப்போட்டு, புதுசாத் தகடு மடிச்சு வெச்சு, மறுக்கா மணலடிக்க அனுப்பி... அதுலதானுங்க ரெண்டு மாசம் போச்சு. ஊட்டுக்கே வரமாட்டாரு. பெரியவரு கண்ணு மூடறக்குள்ள குடுத்துப்போடோணும்னுதான் ஓடுனாரு."

பக்கத்துக் கல்லறைத் திண்டில் உட்கார்ந்துவிட்டேன். "எனக்குத் தெரியாம அன்னைக்கே பூசியிருக்கலாமல்ல அம்மணி. எனக்கு எப்படித் தெரியும்?"

"ஷெட்டுல அத்தன பேரும் அதத்தாஞ் சொன்னாங்க. நானுஞ் சொன்னேன். 'அவங்க ஊட்டுக்காரரக் காப்பாத்தப் பாக்கறாங்க, நான் இரும்பக் காப்பாத்தப் பாக்கறேன், எது பெருசு சொல்லு'ன்னாரு."

நான் சொல்லாத கணக்கை அவர் என் முகத்தில் படித்திருக்கிறார்.

"அப்பறமாவது சொல்லியிருக்கலாமல்ல?" என்றேன். "ஒம்பது வருசம். மாசாமாசம் வந்தாரே."

"நானுங் கேட்டேனுங்க. தாலி போன பொம்பளகிட்ட, உன்னாலதான் நாள் தள்ளிப்போச்சுன்னு சொல்லச் சொல்றயான்னு வைஞ்சாரு." அவள் மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அப்பறம் சிரிச்சாரு. 'அக்கா தனியா இருக்குது, என்னையத் திட்டிக்கிட்டாவது இருக்கட்டும். திட்டறக்கு ஒரு ஆளாவது வேணுமல்ல'ன்னாருங்க."

எனக்கு ஞாபக சக்தி அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். என் கல்யாணத்தில் யார் என்ன குறை சொன்னார்கள் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். தை, ஆடி, புரட்டாசி, ஐப்பசி, எல்லாம் எனக்கு நாள் பிசகாமல் தெரியும். நான் டின்னை மூடச் சொன்னதும் மறக்கவில்லை. ஆனால் அதையும் இதையும் ஒருநாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. இடது பக்கத்தில் அவர் ஏன் அவ்வளவு நேரம் படுத்துக் கிடந்தார் என்று ஒன்பது வருடம் நேரில் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, அவரை அறிந்த உங்களுக்கு: சூசை மேஸ்திரி நாள் தவறுகிறவர் இல்லை. என் வண்டிக்கு அவர் சொன்ன நாளும் சரி, செய்த வேலையும் சரி. நாளைத் தவறவைத்தவள் நான். எங்கள் வீட்டுக்காரரைக் காப்பாற்றுகிறேன் என்று, அவர் கேட்ட ஒரே ஒரு சத்திப் பயணத்தை அவரிடமிருந்து எடுத்துவிட்டேன். அந்தப் பழியை வேறொரு மனிதரின் தலையில் வைத்து, ஊர் பூராவும் சொல்லி, அவர் பிழைப்பிலும் கை வைத்தேன். இதை அவர் உயிரோடு இருக்கும்போது சொல்லத் தோதில்லாமல் போய்விட்டது. அச்சில் வரட்டும் என்றுதான் கேட்காமலே எழுதினேன்.

இந்த மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை துடைப்பத்திலிருந்து நானே ஒரு ஈர்க்கை உருவினேன். என்னால் கீழே படுக்க முடியாது. காருக்கு இடது பக்கமாகக் காலை நீட்டி உட்கார்ந்து, கையை உள்ளே விட்டுத் தடவித் தடவி, ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தேன். மண் அடைத்திருந்தது. நோண்டினேன். ஒரு கரண்டித் தண்ணீர் என் முழங்கை வழியாக வடிந்தது. மற்ற ஓட்டைகள் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. காப்பி இரண்டு டம்ளர் போட்டுவிட்டேன், பழக்கம். ஒன்று சுவரின் மேல் ஆறியது.

அவர் வைத்துவிட்டுப் போன பை ஒன்று போர்ட்டிகோ அலமாரியில் இருக்கிறது. போன வருடத்துக் கல்லறை மெழுகு, பாதிப் பை. அதன் மேல், அவருக்காக நான் ஏற்றி, காற்றில் அணைந்துபோன துண்டையும் கொண்டுவந்து போட்டிருக்கிறேன். காய்ச்சி ஊற்றத் தெரிந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் வாருங்கள். இடது பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பை இல்லை. ஐப்பசி வெயிலில் என் வாசலில் நின்று அவர் சொன்ன ஒரு வார்த்தை இருக்கிறது. அது அவருடையதே இல்லை, ஒன்பது வருடம் எனக்காகச் சுமந்தார். அதை இப்போது நான் வாங்கிக்கொள்கிறேன்.

தப்பு என்ற மேலதானுங்க, மேஸ்திரி.